மேல்வாலும் கீழ்வாலும்

எக்ஸ்ரே அறைக்குள் வருகிற எல்லோரிடமும் அவர் முதலில் சொல்வது "ஆடாதீங்க" என்பதுதான். சொல்கிற மனிதரோ ஒரு நிமிஷம் ஆடாமல் நின்று யாரும் பார்த்ததில்லை. கையில் பேனா இருந்தால் அது சுழலும். பேனா இல்லாவிட்டால் சாவிக்கொத்து. இரண்டும் இல்லாவிட்டால் வலது கால் தன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு தடவை, தோள்பட்டை நழுவி வந்த லாரி டிரைவர் மேசையில் படுத்தபடியே கெஞ்சினார்: "சார், மொதல்ல நீங்க ஆடாம நில்லுங்க. உங்களப் பாத்து எனக்கும் ஆடுது."

ஆனால் வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஈயத்தில் செய்த இரண்டு சின்ன எழுத்துகள் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. உரிய எழுத்தைத் தகட்டின் ஓரத்தில் வைக்காமல் அவர் பொத்தானை அழுத்தியதே கிடையாது. படத்தை யாராவது திருப்பிப் பிடித்து வலக்காலை இடக்கால் என்று நினைத்துவிட்டால் என்ன ஆகும்? "எழுத்து இல்லாத படம் படமே இல்ல" என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களின் உயிரை வாங்குவார். அப்படிப்பட்ட மனிதர்தான், ஒரு விஷயத்தில் தலைகீழாகக் கவிழ்ந்தார்.

அவருக்கு வெள்ளிப் பித்து. நகைக்கடை வெள்ளி இல்லை. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சீனத்துப் பட்டறைகளில் செய்து, வெளிநாட்டுக்காரர்களுக்காகவே கப்பல் ஏற்றிய மேசைச் சாமான்கள். தேநீர்க் கெண்டி, உப்புக் கிண்ணம், சர்க்கரை இடுக்கி, டிராகன் உடம்பை வளைத்துக் கைப்பிடியாக்கிய குவளை. வடிவம் வாங்குகிறவன் ஊருடையது. அலங்காரம் செய்கிறவன் ஊருடையது. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக்காரன் கெண்டி. பக்கத்தில் போனால் மூக்கு மூங்கில் கணுவாக இருக்கும், மூடிமேல் ஒரு பூங்கிளை படுத்திருக்கும். இந்த இரண்டுங்கெட்டான் அழகில் ஒரு தரம் மாட்டிக்கொண்டவர்கள் மீள்வது கஷ்டம்.

பித்து அப்பா வழியாக வந்தது, அப்பாவுக்கே தெரியாமல். அப்பா ஒரு வியாபாரக் கம்பெனியில் கார் ஓட்டினார். கம்பெனி மூடுவிழா கண்டபோது ஆளுக்கொன்றாக மேசை, நாற்காலி, கடிகாரம் என்று தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா கூச்ச சுபாவம். எல்லோரும் போன பிறகு போனதால் அவருக்கு மிஞ்சியது ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே கரியாகக் கறுத்த மூன்று சாமான்கள்: ஒரு கெண்டி, ஒரு சர்க்கரைக் கிண்ணம், ஒரு பால் ஜாடி. தகரம் என்று நினைத்து அம்மா கெண்டிக்குள் பொத்தான்களைப் போட்டு வைத்தார்.

அதைத் தகரம் இல்லை என்று கண்டுபிடித்தது அக்கா. அவளுக்கு எதிலும் அழுக்கு இருந்தால் கை சும்மா இருக்காது. அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு வீட்டைக் காலி செய்தபோது கெண்டியின் அடியை ஈரத்துணியால் தேய்த்தாள். நிலாத்துண்டு மாதிரி வெள்ளை ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டு ஆங்கில எழுத்து. அதன் கீழே, வட்டத்துக்குள் ஒரு சீன எழுத்து. "டேய், இங்க வாடா" என்று அவள் போட்ட சத்தத்தில் பம்பரம் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார்.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்துதான் சேர்த்தார்கள். அக்காவுக்குக் கண், தம்பிக்குக் கால். அவர் ஊரிலுள்ள பழைய சாமான் கடை, ஏலக்கூடம், காலி செய்கிற பங்களா எல்லாவற்றையும் சுற்றி அள்ளிக்கொண்டு வருவார். அக்கா ஒரு பார்வை பார்த்து, "இது முலாம், தூக்கிப் போடு" என்றோ, "இது இருக்கட்டும்" என்றோ சொல்லுவாள். சாமான்கள் எல்லாம் அக்கா வீட்டில்தான் இருந்தன. அக்காவும் அத்தானும் கீழே லாண்டரி வைத்திருந்தார்கள், மேலே குடியிருந்தார்கள்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறப்பதே கொட்டாவிக்குத்தான் என்று பம்பரம் கேலி செய்வார். வருகிற ஒவ்வொரு துணிக்கும் உள்பக்க ஓரத்தில் அடையாளம் போடுவது அத்தானின் வேலை. சிவப்பு நூலில் ஒரு தையல், ஒரு குறுக்கு, ஒரு புள்ளி; அது யார் வீட்டுத் துணி என்று அவருக்குத் தெரியும். ஒரே மாதிரி ஐம்பது வெள்ளைச் சட்டை வந்தாலும் ஒன்றுகூட இடம் தப்பியதில்லை. லாண்டரிக்காரனைப் பார்த்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், லேட் என்று சொல்லலாம், கறை போகவில்லை என்று கத்தலாம். 'துணி மாறிப்போச்சு' என்று மட்டும் சொல்லக்கூடாது. அந்தக் கடையில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதே இல்லை.

அதைச் சொன்னது பம்பரம்தான்.

சேகரிப்புக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை மின்சாமான் கடை ஒன்றின் மாடியில் கூடுவார்கள். ஒரு பல் டாக்டர், ஓய்வுபெற்ற ஒரு கணித ஆசிரியை, இப்படி. ஆளாளுக்கு ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டு வந்து பேசுவார்கள். பம்பரத்துக்கும் ஆசை வந்தது. அவர் கண்டுபிடித்தது முத்திரையை.

கெண்டியின் அடியில் இருந்த சீன எழுத்து ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் கூட்டல் குறி. நடுக்கோடு மட்டும் பெட்டிக்கு மேலே வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பால் ஜாடியிலும் அதே பெட்டி, அதே கூட்டல் குறி. ஆனால் வால் கீழே. பக்கத்திலுள்ள ஆங்கில எழுத்துகள் இரண்டிலும் ஒன்றுதான். அவை விற்ற கடைக்காரன் எழுத்து. சீன எழுத்து செய்த பட்டறைக்காரனுடையது. ஆக, கடை ஒன்று, கைவினைஞர் இரண்டு பேர்! பம்பரம் இருவருக்கும் பெயரே வைத்துவிட்டார்: மேல்வால், கீழ்வால். சந்தேகம் தீர, இடுப்பு வலியோடு படமெடுக்க வந்த ஒரு சீன மாலுமியிடம் இரண்டையும் வரைந்து காட்டினார். இது எழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்று மாலுமி தலையாட்டினார். இதுவும் எழுத்தா? இதுவும்தான். மாலுமி கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். கேட்டதற்குப் பதில் சொன்னார். கேட்காததை அவர் எதற்குச் சொல்ல வேண்டும்?

கூட்டத்தில் பம்பரம் பேசினார், அக்காவும் அத்தானும் முன்வரிசையில் இருந்தார்கள். கெண்டியும் கிண்ணமும் மேல்வால் செய்தவை, ஜாடி மட்டும் கீழ்வால் செய்தது, ஒரே செட்டை இரண்டு பட்டறை செய்யாது, ஆகவே இந்த ஜாடி இந்தச் செட்டைச் சேர்ந்ததில்லை என்று அடித்துச் சொன்னார். பல் டாக்டர் கேட்டார்: "அப்ப அசல் ஜாடி எங்க?"

கைதட்டல் தலைக்கேறியிருந்த நேரம். பம்பரத்துக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஜாடியின் டிராகன் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தபோது அத்தான்தான் பற்றவைக்க எடுத்துக்கொண்டு போனார்.

"அத்தான், கைப்பிடி ஒட்டறதுக்குக் கொண்டுபோனீங்களே, அப்ப மாறிப்போச்சா?"

அத்தான் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பது போல. "இல்லையே. குடுத்ததத்தான் வாங்கிட்டு வந்தேன்."

"மாறாம எப்படி அத்தான் வேற ஆள் முத்திரை வரும்?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். அத்தான் உட்கார்ந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

'மாறிப்போச்சா' என்றுதான் கேட்டேன், 'மாத்திட்டீங்களா' என்று கேட்கவில்லை. பம்பரம் பிற்பாடு ஆயிரம் தடவை சொன்ன வாதம் இது. இலக்கணப்படி சரிதான். ஒன்று தானாக நடப்பது, மற்றது ஒருவர் செய்வது. ஆனால் அறையிலிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது இரண்டாவதுதான். அக்கா காதிலும் அதுதான் விழுந்தது. ஒரு வாரம் தினமும் போனில் இருவரும் கத்திக்கொண்டார்கள். "என் புருஷன் என்ன திருடனா?" என்பாள் அவள். "நான் அப்படிச் சொன்னேனா? மாறிப்போச்சான்னுதான கேட்டேன்" என்பார் இவர். பிறகு ஒரு நாள் போன் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து ஆள் மூலம் ஒரு பெரிய மூட்டை வந்தது. கெண்டி, கிண்ணம், இருவரும் சேர்த்த அத்தனை சாமானும், லாண்டரித் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி. ஜாடி மட்டும் இல்லை. ஒரு வார்த்தையும் இல்லை.

முகத்தில் விட்டெறிகிறாள் என்று பம்பரம் எடுத்துக்கொண்டார். "இவ்வளவு ரோஷமா? இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிப்போயிற்று.

ஓடியது வருஷம் மட்டுமா? அவரும்தான். அக்கா கடை இருக்கிற தெருவைத் தொடாமல் ஊரைச் சுற்றி வரக் கற்றுக்கொண்டார். முன்பெல்லாம் சும்மா ஆடிய கால் இப்போது எரிச்சலோடு ஆடியது. மேல்வாலுக்கு ஒரு அலமாரி, கீழ்வாலுக்கு ஒரு அலமாரி என்று வாங்கிப் பிரித்து வைத்தார். மேல்வால் நிதானமானவன், கீழ்வால் அவசரக்காரன், இருவரும் ஒரே குருவிடம் படித்துப் பிறகு முறைத்துக்கொண்டவர்கள் என்று கதைகூடக் கட்டிவிட்டார். அவர் மனைவி ஒரு தனியார் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். குரலை வைத்தே ஆளை எடை போடுகிறவள். "அந்த ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டாள். "வேலையப் பாத்தாலே தெரியுது" என்றார் இவர். "எனக்கும் ரெண்டு பேரு முறைச்சுக்கிட்டிருக்கறது தெரியுது. அவங்க சீனாக்காரங்க இல்ல" என்று அவள் சொன்னபோது இவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

புதிதாக எதை வாங்கினாலும் முதல் நாள் சந்தோஷம், இரண்டாம் நாள் சலிப்பு. 'இது முலாம்' என்று சொல்ல ஆளில்லையே. ஆனாலும் தேடுவதை விடவில்லை. விட்டால் வீட்டில் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் யோசிக்க வேண்டும்.

போன வாரம் மழைநாள் ஒன்றில், பழைய சாமான் கடையில் ஜோடி உப்புக் கிண்ணம் கிடைத்தது. கட்டைவிரல் அளவு மூன்று கால், சுற்றிலும் செவ்வந்தி இதழ். ஒரே பெட்டி, பெட்டிக்குள் ஒட்டிய நீலப் பட்டில் இரண்டு பள்ளம். கடைக்காரரின் மேசையில் இரண்டையும் கவிழ்த்து வைத்துப் பம்பரம் பூதக்கண்ணாடியைக் கண்ணில் சொருகினார். ஆங்கில எழுத்துகளை நேராக வைத்துப் பார்த்தால் ஒன்றில் வால் மேலே, மற்றதில் வால் கீழே.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. மேல்வாலும் கீழ்வாலும் சேர்ந்தே வேலை செய்திருக்கிறார்கள்! அடுத்த கூட்டத்துக்குப் பேச்சு ரெடி என்று மனம் துள்ளியது. இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று குனிந்தார். மேல்வால் முத்திரையில், எழுத்துப் பெட்டியின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன உடைசல். அது தெரிந்த விஷயம். அவர் வீட்டு மேல்வால் சாமான்களிலும் உண்டு. முத்திரை அடிக்கிற அச்சு எங்கோ அடிபட்டு மூலை பிய்ந்திருக்கிறது. கீழ்வாலைப் பார்த்தார். இடது கீழ் மூலையில் உடைசல். அதுவும் தெரிந்ததுதான். இரண்டு பேர் அச்சும் உடைந்திருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

அப்போது கடைக்காரர், "பளபளன்னு இருக்கு பாருங்க" என்று ஒரு கிண்ணத்தைத் துடைக்க எடுத்துத் திரும்ப வைத்தார். வைக்கும்போது அது அரைச்சுற்று திரும்பிவிட்டது.

பம்பரம் குனிந்து பார்த்தார். இரண்டிலும் வால் மேலே. இரண்டிலும் வலது மேல் மூலையில் உடைசல்.

இரண்டு எழுத்து இல்லை. ஒரே எழுத்து. இரண்டு அச்சு இல்லை. ஒரே அச்சு. வட்டமான அச்சுக்குத் தலை ஏது, கால் ஏது? பட்டறைக்காரன் கைக்கு வந்தபடி பிடித்து, ஒரு சமயம் நேராகவும் ஒரு சமயம் தலைகீழாகவும் அடித்திருக்கிறான். நேராகப் பார்த்தாலும் எழுத்து, கவிழ்த்துப் பார்த்தாலும் எழுத்து. அதுதான் மோசம் செய்துவிட்டது. அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. இடது வலது எழுத்துகள் இரண்டும் அங்கே இருந்தன. முப்பது வருஷமாக ஊரார் எலும்பையெல்லாம் திசை பார்த்து எடுத்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கிண்ணத்தை வாங்கக்கூட மறந்து வீட்டுக்கு ஓடினார். இரண்டு அலமாரியையும் திறந்து அத்தனையையும் தரையில் கவிழ்த்துப் பரப்பினார். உடைசல் உள்ள ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் ஒரே ஆள். நிதானமானவனும் அவனே, அவசரக்காரனும் அவனே. மனைவி வாசலில் கைப்பையோடு நின்று பார்த்தாள்.

"என்ன, கடை போட்டாச்சா?"

சொன்னார்.

"அப்ப ஜாடி?"

"அதப் பாத்தாத்தான் தெரியும். அந்த ஜாடியில அந்த உடைசல் இருக்கான்னு எனக்கு ஞாபகம் இல்ல. இருந்தா..."

மனைவி சொன்னாள்: "இருந்தா அந்த மனுஷன் குடுத்ததத்தான் வாங்கிட்டு வந்தாருன்னு அர்த்தம். நாளைக்குப் போங்க. போன் பண்ணாதீங்க. போன்ல நீங்க பேசினா மறுபடி மாறிப்போச்சு, மாத்திட்டீங்கன்னு இலக்கணம் பேசுவீங்க."

மறுநாள் லீவு போட்டார். கெண்டியையும் கிண்ணத்தையும் துணிப்பையில் வைத்துக் கிளம்பினார். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் நின்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அக்கா கத்துவாள். கத்தட்டும். வாசலிலேயே நிறுத்தினாலும் நிற்பது. செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது. ஆனால் ஜாடியில் அந்த உடைசல் இல்லாமல் போனால்? அப்போதும் மன்னிப்புக் கேட்பதா, வேண்டாமா? இந்தக் கேள்வி வந்ததும் தன்னை நினைத்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது. இன்னமும் முத்திரையைக் கேட்டுத்தான் மனுஷனை நம்ப வேண்டுமா?

லாண்டரி அப்படியே இருந்தது. கீழே வேலையாட்கள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டுப் படியேறிக் கதவைத் தட்டினார். அக்கா திறந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவரைப் பார்த்ததும் கத்தும் என்று எதிர்பார்த்த முகம் சட்டென்று கீழே குனிந்தது.

"வழி தெரிஞ்சுதா?" என்றாள், தரையைப் பார்த்து.

"தெரிஞ்சுது."

"உள்ள வா."

அத்தான் மேசையில் உட்கார்ந்து காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். "வாப்பா" என்றார், நேற்றுப் பார்த்தவரிடம் சொல்வது போல. அவருக்கு நேர் எதிரே, கைக்கு எட்டுகிற இடத்தில், பால் ஜாடி இருந்தது. அலமாரியில் பூட்டியிருப்பாள், அல்லது கோபத்தில் எங்காவது எறிந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்குத் திகைப்பாக இருந்தது. தினம் தொட்டுத் தொட்டு டிராகனின் செதிலெல்லாம் மழுங்கியிருந்தது.

"அக்கா, அந்த ஜாடிய ஒரு நிமிஷம் பாக்கணும்."

அக்கா முகம் இருண்டது. "அதையும் வாங்கிட்டுப் போகத்தான் வந்தியா? எடுத்துக்கோ. எனக்கு வேணும்னு வெச்சுக்கல. இவர் கண்ணுல படணும்னு வெச்சிருந்தேன்."

அந்தப் பேச்சு அவர் மண்டையில் ஏறவில்லை. ஜாடியிலிருந்த பாலை எதில் ஊற்றுவது என்று தெரியாமல் அத்தானின் கோப்பையிலேயே ஊற்றினார். அது நிறைந்து சாஸரில் வழிந்தது. ஜாடியைக் கவிழ்த்து, ஜன்னலோரம் போய்ப் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டார். கை ஆடியதில் முத்திரை பிடிபடவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வால் கீழே. இடது கீழ் மூலையில் உடைசல்.

பையிலிருந்த கெண்டியை எடுத்தார். மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்தார். "அக்கா, இங்க பாரு. இது கெண்டி. இது ஜாடி. இப்ப ஜாடியச் சுத்தறேன் பாரு. தெரியுதா? ஒரே மூலை. ஒரே உடைசல். ரெண்டு ஆளே கெடயாது அக்கா. ஒருத்தன்தான். அவன் அச்சத் திருப்பிப் புடிச்சு அடிச்சிருக்கான். ஜாடி மாறவே இல்ல. அப்பா கொண்டுவந்த அதே ஜாடி. நான்தான் தலைகீழா படிச்சுட்டேன்." அத்தான் பக்கம் திரும்பினார். பஸ்ஸில் ஒப்பித்த எதுவும் வரவில்லை. "அத்தான், தப்புப் பண்ணிட்டேன். நாலு பேரு முன்னாடி உங்கள நிக்க வெச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

"சரி விடு" என்றார் அத்தான். "டீ சாப்பிடறியா?"

அக்கா பூதக்கண்ணாடியை வாங்கிக் கெண்டியைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், திரும்பக் கெண்டியைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு யாரும் எதையும் இரண்டாம் தரம் காட்ட வேண்டியதில்லை. கண்ணாடியை மேசையில் வைத்தாள். நிமிர்ந்தவள் தம்பியைப் பார்க்கவில்லை.

"மாத்தினேன்னு சொன்னீங்களே" என்றாள் புருஷனிடம்.

பம்பரத்துக்குப் புரியவில்லை. "யாரு சொன்னா?"

"இவர்தான்டா. நீயும் நானும் போன்ல கத்திக்கிட்டுக் கெடந்தோமே, அந்த வாரம். சாப்பிட உக்காந்தவரு சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னாரு. நான்தான் மாத்தினேன், கைப்பிடி ஒட்டும்போது ஜாடி கெட்டுப்போச்சு, வேற ஒண்ண வாங்கி வெச்சுட்டேன், அவன் சொல்றது சரி, நீ அவங்கூட சண்ட போடாதன்னு." "மறுநாளே எல்லாத்தையும் கட்டி உனக்கு அனுப்பிட்டேன். இங்க எதுவும் இருக்க வேண்டாம்னு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன் வீட்டு வாசல மிதிக்கறது, சொல்லு?"

ரோஷம் என்று பம்பரம் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தது ரோஷமே இல்லை. வெட்கம். அவள் தலைகுனிந்து கதவைத் திறந்தது அதனால்தான். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைக் கவனிக்கவில்லை.

"அன்னிலேருந்து தினம் காலைல இந்த ஜாடியிலதான் இவருக்குப் பால் வெக்கறேன். ஒரு வார்த்த கேட்டதில்ல. திட்டினதில்ல. வெச்சுட்டு உள்ள போயிடுவேன். இவரும் ஊத்திக் குடிச்சுட்டுக் கடைக்கு எறங்கிடுவாரு." அவள் புருஷனுக்கு எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க? செய்யாதத ஏன் செஞ்சேன்னு சொன்னீங்க?"

அத்தான் சாஸரில் வழிந்திருந்த பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியபோது அது குறை சொல்கிற குரலாக இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"மொதல்ல இல்லன்னுதான சொன்னேன். கூட்டத்துல சொன்னேன். வீட்டுக்கு வந்து உங்கிட்ட சொன்னேன். தெனம் சொன்னேன். நீயும் சரி சரின்ன. போன்ல அவங்கிட்ட எனக்காகக் கத்தின. போன வெச்சுட்டு, நான் பாக்கலன்னு நெனச்சு ஜாடியத் திருப்பித் திருப்பிப் பாப்ப. சரி, தம்பியாவது உனக்கு மிஞ்சட்டும்னு ஆமான்னு சொல்லிப் பாத்தேன். ஒரே ஒரு தடவதான் சொன்னேன். உடனே நம்பிட்ட."

கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. பம்பரம் போய் அதை அணைத்தார். அணைத்த பிறகு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பழி தன்னுடையது, மன்னிப்பும் தனக்குத்தான் வேண்டும் என்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவருக்கு, அந்த மேசையில் தனக்கு இடமே இல்லை என்பது உறைத்தது. அவர் பிழையைத் திருத்திக்கொண்டு வந்துவிட்டார். அக்கா இனி எதைத் திருத்துவாள்?

"நீ கொஞ்சம் வெளில இருடா" என்றாள் அக்கா. அதட்டவில்லை. கெஞ்சினாள்.

அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். கீழேயிருந்து நீராவி வாடை படியேறி வந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் சட்டையை வாங்கி, உள்பக்கத்துச் சிவப்புத் தையலைப் பார்த்து, சரிதான் என்று பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பம்பரம் ஒரு படி இறங்கினார், திரும்ப ஏறினார். போய்விடலாமா? போகக் கால் வரவில்லை. இருக்கவும் முடியவில்லை.

உள்ளே அழுகுரல் கேட்டது. அக்காதான் அழுகிறாள் என்று நினைத்தார். அழட்டும், அழுது தீர்க்கட்டும் என்று நினைத்தார். பிறகுதான் அது அக்கா குரல் இல்லை என்று தெரிந்தது. கொட்டாவிக்கு மட்டும் வாய் திறக்கிறவர் என்று தான் கேலி செய்த மனிதர், கீழே இஸ்திரி போடுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிற அளவுக்கு, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். அக்கா ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். அத்தான் அதைக் காதில் வாங்கவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் மாத்தலம்மா. சத்தியமா நான் மாத்தல."